பியூலாவுக்கு ஒரு ப்ரீசெட்

வாங்க சார், உள்ள வாங்க. மைக் பாக்கத்தான வந்திருக்கீங்க? போன்ல சொன்னீங்களே, உப்பளக் காலனிப் பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியார்னு. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

எல்லாம் புதுசு மாதிரிதான் இருக்கு, பாத்துக்கோங்க. இது மைக். இது, மைக்கக் கம்ப்யூட்டர்ல மாட்டுத பெட்டி. இது ஹெட்போன். ஒரே ஒரு பாட்டுதான் இதுல ரெக்கார்ட் பண்ணியிருக்கு. ஒரே பாட்டு. அதுக்குப் பெறவு யாரும் தொடல.

ஏன் குடுக்குதீங்கன்னு கேக்குதீங்க. கேக்கத்தான் செய்வீங்க. பொருள்ல ஒரு குத்தமும் கிடையாது சார். குத்தம் எம்மேலதான்னு சொல்லுதாங்க. சபையில சொல்லுதாங்க, பெத்த மக சொல்லுதா. நீங்க வெளி ஆளு. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்பு செஞ்சேன்னு.

எம் பேரு செல்வின். உப்புக் கம்பெனியில எடைமேடையில நிக்கேன், இருபத்தெட்டு வருசமா. எனக்கு லாரி தெரியும், உப்பு தெரியும். பாட்டு தெரியாது. பாட்டெல்லாம் எங்க வீட்டுக்காரிதான், பியூலா. எங்க சபை பாடகர் குழுவுல இருபத்திரெண்டு வருசம் அவதான் முதல் குரல். கிறிஸ்துமஸ் ஆராதனையில அவ ஒத்தையில ஒரு வரி எடுத்தான்னா, வாசல்ல செருப்புக் கிட்ட விளையாடுத பிள்ளைங்ககூட நின்னு கேக்கும். என்னைய யாரும் செல்வின்னு சொல்ல மாட்டாங்க. ‘பியூலா வீட்டுக்காரர்’தான். எனக்கு அதுல வருத்தம் கிடையாது சார். பெருமதான்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி அவ கழுத்துல ஒரு கட்டி வந்துது. தைராய்டு. டாக்டர் முன்னாலயே சொல்லிட்டார். “குரல் நரம்ப ஒட்டிக் கட்டி வளந்திருக்கும்மா. எடுத்தா குரல் மாறலாம். எடுக்காம விட்டா உயிருக்கு ஆபத்து”ன்னார். பியூலா ஏதோ கேக்க வாயத் தொறந்தா. நான், “எடுத்துருங்க டாக்டர்”னு சொல்லிட்டேன். பெறகு என்ன சொல்ல?

மூணு மாசம் வெறும் காத்துதான் வந்துது. அதுக்குப் பெறவு குரல் வந்துது. வந்துது, ஆனா எப்படிச் சொல்ல, கீறல் விழுந்த வெங்கலச் சட்டியத் தட்டின மாதிரி. ஒரு சொல்லச் சொல்லும்போதே ரெண்டாப் பிரியும். மேல போகாது. நாலு வார்த்தைக்கு ஒருக்க மூச்சு வாங்கும். இனிமே இவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டார்.

நான் அவள ஒருநாளும் கஷ்டப்படுத்தல சார். அவ பேசவே வேண்டாம்னு பாத்துக்கிட்டேன். போன் அடிச்சா நான் எடுத்துருவேன். கடையில அவ கைய நீட்டுமுன்ன நான் சொல்லிருவேன், இதக் குடு, அதக் குடுன்னு. வீட்டுக்கு ஆள் வந்து, “எப்படி இருக்கீங்க பியூலாக்கா?”ன்னு கேட்டா, “நல்லாருக்கா”ன்னு நான் சொல்லுவேன். அவளுக்கு எதுக்குச் சங்கடம்? எந்தப் புருசன் இவ்வளவு பாப்பான், சொல்லுங்க.

பாடகர் குழுவுக்கும் அவ போகல. பொம்பளைங்க பக்கம் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிடுவா. எல்லாரும் பாடும்போது அவ உதடு மட்டும் அசையும். எனக்கு இந்தப் பக்கத்துல இருந்து அதப் பாக்க முடியாது சார். தரையப் பாத்துக்கிட்டு நிப்பேன்.

அப்படியே ஒரு வருசம் போச்சு. ஒருநாள் எம் மக ஜெர்லின் ஓசூர்ல இருந்து போன் பண்ணுதா. அங்க வேலை பாக்கா. ஒரே அழுக. “அப்பா, அம்மா ஒரு பாட்டு கட்டியிருக்காங்க. போன்ல பாடி எனக்கு அனுப்பியிருக்காங்க. நீங்க கேட்டீங்களா?”

எனக்கு எங்க தெரியும்? எங்கிட்ட அவ சொல்லல. சொன்னா நான் தொண்டைக்குக் கேடுன்னு சத்தம் போடுவேன்லா.

பியூலா போன வாங்கிக் கேட்டேன். ரெண்டு வரி. ரெண்டு வரிக்கு மேல என்னால முடியல சார். எப்படி இருந்த குரல்! போன அங்கனயே வச்சிட்டு வாசலுக்குப் போயிட்டேன்.

ஜெர்லின், “ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணி வைங்கப்பா”ன்னு மட்டும்தான் சொன்னா. அவ சொன்னத வச்சுத்தான் இவ்வளவும். இப்ப அவளும் என்னையத்தான் திட்டுதா.

மைக் வாங்கினேன். மக விட்டுட்டுப் போன பழைய லேப்டாப்புல பாட்டு ரெக்கார்ட் பண்ணுத சாஃப்ட்வேர் ஏத்தினேன். எல்லாம் வீடியோ பாத்துத்தான். அதுல ஒருத்தர் சொன்னார், குரலுக்கு ப்ரீசெட்னு ஒண்ணு இருக்காம். நீங்க பாட்டு வாத்தியார், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதா? அது ஒண்ணுமில்ல, கொழம்பு மசாலா பாக்கெட் மாதிரி. மல்லி எவ்வளவு, மொளகு எவ்வளவுன்னு பெரிய ஆளுங்க அளந்து கலந்து வச்சிருக்காங்க. நாம பிரிச்சுப் போட்டாப் போதும். சுருதி விலகினா இழுத்துப் பிடிக்கும். மூச்சுச் சத்தத்த அமுக்கும். ஒத்தக் குரல ரெண்டு மூணாக் காட்டும். பெரிய கோயில்ல நின்னு பாடின மாதிரி எதிரொலி குடுக்கும். ‘ஒரே க்ளிக்கில் ஸ்டுடியோ குரல்’னு போட்டிருந்தான்.

ஒரே க்ளிக்குன்னு அவன் சொன்னான். எனக்கு நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. டவுன்லோட் பண்ணினா ஒரு மூட்டையா வருது. மூட்டைய அவுத்து, உள்ள இருக்குத ஃபோல்டர சாஃப்ட்வேரோட ப்ரீசெட் ஃபோல்டருக்குள்ள கொண்டு வைக்கணும். அந்த ஃபோல்டர் எங்க இருக்குன்னு தேடவே ஒரு ஞாயிறு போச்சு. வச்சேன். திறந்து பாத்தா பட்டியல்ல பேரே இல்ல. மூடித் திறந்தேன். பேர் வந்துது. அமுக்கினா சிவப்புல ஒரு கட்டம், ஏதோ ப்ளகின்னு ஒரு துணை சாஃப்ட்வேர் இல்லன்னு. அதத் தேடி ஏத்தினா, சாஃப்ட்வேர் பழசு, இது புதுசு, சேராதுங்கான். எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி மொதல்ல இருந்து. பாட்டோட ஸ்கேல் என்ன, எந்தச் சுருதின்னு ஒரு கட்டத்துல கேட்டிருந்தான். எனக்கென்ன தெரியும்? வந்தபடியே விட்டுட்டேன். அடுக்களையிலதான் பியூலா இருந்தா. கேட்டிருக்கலாம். கேட்டா என்ன ஏதுன்னு கேப்பா, ஆச்சரியமாத் தரணும்னு நெனைச்சதெல்லாம் போயிரும்லா.

அஞ்சாவது ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வந்து, படுக்கையறையில சேலை பீரோவத் திறந்து வச்சு, அதுக்கு முன்னால அவள நிப்பாட்டினேன். துணி எதிரொலிய உறிஞ்சும்னு வீடியோவுல சொன்னான். ஃபேன நிறுத்தினேன். நான் ஹெட்போன மாட்டல, காதும் குடுக்கல, திரையில குரல் அலை அலையா ஓடுதத மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரே தடவ பாடினா. நாலு சரணம். முடிச்சிட்டு, வேர்வையத் தொடச்சிக்கிட்டே, “சரியா வந்திருக்காங்க?”ன்னு கேட்டா. “நீ போய் வெளிய உக்காரு”ன்னேன்.

க்ளிக் பண்ணினேன் சார்.

நான் பொய் சொல்லல, உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. என் பழைய பியூலா. கீறல் இல்ல, மூச்சு இல்ல, ஒடசல் இல்ல. பாலாட்டம் வருது. நான் அந்தப் பீரோகிட்ட உக்காந்து அழுதேன். பெறகு அவளக் கூப்பிட்டு, ஹெட்போன மாட்டிவிட்டேன். அவ முகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்.

கடைசி வரைக்கும் கேட்டா. ஹெட்போனக் கழட்டி மடியில வச்சா. “இது யாரு?”ன்னா.

நான் சிரிச்சேன். “நீதாண்டி!”

“அந்த எறக்கத்தக் காணோமே”ன்னா. “கடைசிச் சரணத்துல கீழ எறங்கும்லா. இதுல எறங்கல. வேற எங்கயோ போய் நிக்குது.”

“அது நல்லா இல்லன்னுதான் கம்ப்யூட்டர் எடுத்திருக்கும்”னேன்.

“நான் பாடினது இருக்கா?”

இல்ல. அந்தக் கரகரப்ப எதுக்கு வச்சுக்கிட்டு? அழிச்சிட்டேன். அவ எந்திரிச்சு ஹெட்போன மேசையில வச்சா. “இத யாருக்கும் அனுப்பாதீங்க”ன்னா.

அவ கூச்ச சுபாவம் சார். முன்னாலயும் அப்படித்தான், யாராவது பாராட்டினா ஓடிருவா. அதான் நான் அன்னைக்குச் சாயங்காலமே சபை வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டேன். ‘பியூலா கட்டிப் பாடிய புதிய பாடல்’. அவ்வளவுதான் எழுதினேன். வேற ஒரு வார்த்தை எழுதல.

மளமளன்னு வருது. ‘கர்த்தர் குரலைத் திரும்பக் கொடுத்தார்.’ ‘அற்புதம்! அற்புதம்!’ ‘டாக்டர் கைவிட்டாலும் தேவன் கைவிடவில்லை.’ நான் அற்புதம்னு சொல்லவே இல்ல சார். அவங்களா நெனைச்சுக்கிட்டாங்க. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. ‘ஸ்தோத்திரம்’னு மட்டும் போட்டேன். அது எல்லாரும் போடுததுதான?

மறுநாள் பாஸ்டர் ஐயாவே போன் பண்ணிட்டார். அடுத்த மாசம் அசனப் பண்டிகை. உங்களுக்குத் தெரியும்லா, ஊரே சபைக் கோயில்ல வரிசையா உக்காந்து சாப்பிடும். வெளியூர்ல இருந்தெல்லாம் ஆள் வரும். “அம்மா வந்து, கர்த்தர் செஞ்சதச் சாட்சியாச் சொல்லி, அந்தப் பாட்டப் பாடணும்”னார். நான் என்ன செய்ய? “சரிங்கய்யா”ன்னேன்.

பியூலாகிட்ட சொன்னதும் மொகம் வெளுத்துப்போச்சு. “கோயில்ல நின்னு பொய் சொல்லச் சொல்லுதீங்களா?”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். பேசுதத நான் பேசுதேன். பாட்ட பென் டிரைவ்ல போட்டுருவேன். நீ மைக்கப் பிடிச்சிக்கிட்டு வாய மட்டும் அசச்சாப் போதும். ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது.”

“நீங்களே போய் ஐயாகிட்ட உண்மையச் சொல்லிருங்க”ன்னா.

சொல்லலாம்னுதான் இருந்தேன். இன்னைக்கு, நாளைக்குன்னு நாளு போச்சு. தெருவுல போனா எல்லாரும் கையப் பிடிச்சுப் பேசுதாங்க சார். “செல்வின் அண்ணே, உங்க விசுவாசம் பெருசு”ங்காங்க. வாழ்க்கையில மொத தடவ என்னையப் பேர் சொல்லிக் கூப்பிடுதாங்க.

அப்பதான் தங்கபுஷ்பம் வந்தா. உங்க காலனிக்காரிதான், உப்பு வாருத பொம்பள. அவளுக்கும் கழுத்துல கட்டி. பதினெட்டாம் தேதி ஆபரேஷன்னு நாள் குறிச்சிருந்தாங்க. வந்தவ நேரா பியூலா கையப் பிடிச்சு, தன் கழுத்துல வச்சுக்கிட்டா. “அக்கா, ஒங்க பாட்டக் கேட்டேன். நான் ஆஸ்பத்திரிக்கு வரலன்னு சொல்லி விட்டுட்டேன். கத்தி வேண்டாம். ஒங்களுக்குக் குடுத்த கர்த்தர் எனக்கும் குடுப்பாரு. நீங்க கைய வச்சு ஜெபம் பண்ணுங்க, அது போதும்”னு சொல்லுதா.

பியூலா என்னப் பாத்தா. நான், “அவளுக்குத் தொண்ட வலி, பெறகு வாம்மா”ன்னு அனுப்பிவச்சேன். பின்ன, அந்த நேரத்துல என்ன சொல்லணும்கீங்க? தங்கபுஷ்பத்த ஆஸ்பத்திரிக்குப் போகாதன்னு நானா சொன்னேன்?

அன்னைக்கு ரா சாப்பாடு பியூலா சாப்பிடல. பண்டிகைக்கு இன்னும் மூணு நாள் கெடந்துது. அந்த மூணு நாளும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் தொண்டைக்கு ஓய்வு குடுக்கான்னு நெனைச்சுக்கிட்டேன்.

பண்டிகை அன்னைக்குக் கோயில் கொள்ளாத கூட்டம். வெளிய பந்தல்ல கறிக்கொழம்பு கொதிக்குது. நான் சவுண்டு மேசையில உக்காந்திருந்தேன், பென் டிரைவச் சொருகிட்டு. பாஸ்டர் ஐயா அவ பேரச் சொன்னார். வெள்ளச் சேலை கட்டியிருந்தா. மேல ஏறினா. நான் பாட்டப் போட்டேன். மொத வரி ஓடுது. அவ கைய ஒசத்தி, நிறுத்துங்கன்னு காட்டுதா. நான் பாக்காத மாதிரி இருந்தேன். மறுபடி காட்டினா. எல்லாரும் திரும்பி என்னப் பாக்காங்க. நிறுத்திட்டேன்.

“நீங்க போன்ல கேட்டது என் குரல் இல்ல”ன்னா. அந்தக் குரல்ல. அந்தக் கீறல் குரல்ல, மைக்குல! “அது கம்ப்யூட்டர் செஞ்ச குரல். எனக்குக் குரல் திரும்பி வரல. டாக்டர் கட்டிய எடுத்ததாலதான் நான் உயிரோட நிக்கேன். அதுதான் என் சாட்சி. தங்கபுஷ்பம் எங்க இருக்க? நீ ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் கூட வாரேன்.”

அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு எறங்கியிருக்கலாம்லா? எறங்கல. பாட ஆரம்பிச்சிட்டா.

மொத வரியிலேயே குரல் ரெண்டாப் பிரியுது. முன்வரிசையில ஒரு அம்மா முந்தானைய வாயில வைக்காங்க. அவ அவமானப்படுதத நான் எப்படிப் பாத்துக்கிட்டிருக்க? மேசையில எதிரொலி குமிழ் இருக்கும்லா, அத மெதுவாக் கூட்டினேன். ஒரு பூச்சு மாதிரி, தெரியாத அளவுக்குத்தான். அவ பாட்ட விடாம என்னத் திரும்பிப் பாத்தா சார். அவ்வளவு கூட்டத்துக்கு மேல என்னைய மட்டும் பாத்தா. கொறச்சிட்டேன்.

அதுக்கு மேல எனக்கு நிக்க முடியல. ரெண்டாவது சரணத்துல எந்திரிச்சு வெளிய போயிட்டேன். கொழம்புச் சட்டிகிட்ட நின்னேன். புகையில கண்ணு எரிஞ்சுது. உள்ள என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரியாது. ஆளுங்க வெளிய வந்தாங்க. பாதிப் பேர் கண்ணு செவந்திருந்துது. பாதிப் பேர் என்னப் பாக்காம போனாங்க. பாஸ்டர் ஐயா மட்டும் கிட்ட வந்து, “முன்னாலயே சொல்லியிருக்கலாம் செல்வின்”னார். அதச் சொன்னதுக்குப் பதிலா அவர் எனக்கு ரெண்டு அடி குடுத்திருக்கலாம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான்தான் கேட்டேன், “என்னைய இப்படி நாற அடிச்சிட்டியே”ன்னு. அவ கோவப்படல. “நான் அந்தப் பாட்ட இந்தக் குரலுக்குன்னுதான் கட்டினேன்”னா. “எங்க ஒடையும்னு தெரிஞ்சு, அங்கதான் அந்த எறக்கத்த வச்சேன். பழைய குரலா இருந்தா எனக்கு அந்த மெட்டே தோணியிருக்காது. நீங்க அதச் சீவி எறிஞ்சிட்டீங்க. எறிஞ்சதுக்குக்கூட எனக்கு வருத்தமில்ல. ஒருக்கக்கூட நீங்க அத முழுசாக் கேக்கல.”

கேக்கலியாம் சார்! நான் அந்தப் பாட்ட நூறு தடவ ஹெட்போன்ல போட்டுக் கேட்டிருக்கேன். இப்பக்கூட லேப்டாப்புல இருக்கு. கேக்கலன்னு சொல்லுதா பாருங்க.

தங்கபுஷ்பத்துக்கு ஆபரேஷன் நடந்துது. பியூலா அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில அவ கட்டிலுக்குக் கீழ படுத்துக் கெடந்தா. நான் ஹோட்டல்ல சாப்பிட்டேன். தங்கபுஷ்பத்துக்குக் குரலுக்கு ஒண்ணும் ஆகல, கத்திக் கத்திப் பேசுதா. நல்லாருக்கட்டும். நான் எதுக்கும் எடஞ்சல் சொல்லல. ஆனா என்னைய ஒருத்தராவது நல்ல வார்த்தை சொன்னாங்களா? பொஞ்சாதிக்குப் பழைய குரல் வேணும்னு நெனைச்சது ஒரு குத்தமா சார்?

சரி விடுங்க. மைக்க எடுத்துப் பாருங்க. அந்த ப்ரீசெட்டும் பென் டிரைவ்ல போட்டுத் தாரேன். எங்க வைக்கணும், எப்படி ஏத்தணும்னு இப்ப எனக்குக் கண்ண மூடிக்கிட்டுச் செய்ய வரும். பிள்ளைங்க குரலுக்குப் போட்டா எடுப்பா இருக்கும். வேண்டாமா? ஏன் சார்?

இந்தா வந்துட்டா. பியூலா, இவங்க மைக் பாக்க... என்ன, தெரியுமா? உங்களுக்கு இவளத் தெரியுமா சார்?

செவ்வாய்க்கிழமையா? செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழம தங்கபுஷ்பத்தப் பாக்கப் போறேன்னுல்லா சொல்லிட்டுப் போவா. பள்ளிக்கூடத்துலயா? பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்காளா? யாரு, இவளா?

நீ பேசாத பியூலா, தொண்ட... சரி. சரி, நீயே சொல்லு. நான் குறுக்க வரல.

அப்போ மைக் கேக்கச் சொல்லி இவதான் உங்கள அனுப்பினாளா? அது சரி. அது சரி.

டீயா? கொண்டா. சாருக்குச் சீனி எவ்வளவுன்னு... ஓ, அதுவும் தெரியுமா.

சார், அவ உள்ள போயிட்டா. அடுக்களைக்குக் கேக்காது, மெதுவாச் சொல்லுங்க. உங்க பிள்ளைங்களுக்கு அந்தப் பாட்டப் பாடிக் காட்டியிருப்பாள்லா? நாலு சரணமும்? நீங்க பக்கத்துல இருந்து கேட்டிருப்பீங்க.

அந்த எறக்கம்னு சொல்லுதாளே. அது எப்படி சார் இருக்கும்?